அறுபத்தொரு பேர் குடியிருந்த கடை

ஞானேஸ்வரியின் வகுப்பில் முதல் நாள் யாரும் கணினியைத் தொட முடியாது. கதிரையைத்தான் தூக்க வேண்டும்.

கண்டி வாவிக்குச் சற்று மேலே ஒரு பழைய மண்டபத்தின் மாடியில், சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு அந்த வகுப்பு. வருகிறவர்கள் பத்துப் பேர். எல்லோரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். ஊரார் வாயில் பீ.எச்.ஐ. மாத்தயாக்கள், அதாவது ஐயாமார். வீடு வீடாகப் பூச்சாடி கவிழ்த்து, வடிகான் கிண்டி, கடைக்காரர்களிடம் ஏச்சு வாங்கிப் பழகிய மனிதர்கள். அவர்களைக் கூட்டி வைத்துக் கணித மென்பொருளில் தொற்றுநோய் மாதிரி செய்யக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒருத்தி கிளம்பினால், அவளுக்கு ஒன்று அசட்டுத் துணிச்சல் இருக்க வேண்டும், அல்லது தன் பாடத்தில் அளவுகடந்த ஆசை இருக்க வேண்டும். ஞானேஸ்வரியிடம் இரண்டும் தாராளமாகவே இருந்தன.

கதிரைகளை மூன்று கூட்டமாகப் போடச் சொல்வாள். இடது பக்கம் இன்னும் நோய் வராதவர்கள், நடுவில் நோயாளிகள், வலது பக்கம் சுகமானவர்கள். முதலில் நடுவில் ஒருவர் மட்டும் உட்காருவார். அவள் மேசையில் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு நோயாளியும் இடது பக்கத்திலிருந்து இரண்டு பேரை இழுத்து நடுவுக்குக் கொண்டு வரவேண்டும். இரண்டு தட்டு நடுவில் இருந்தவர் வலது பக்கம் போகலாம். பெரிய உடம்புக்காரரான விஜேரத்ன மாத்தயா, ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சிங்களத்தில் ஒரு பெருமூச்சு விடுவார். நடுக் கதிரைகள் மளமளவென்று நிறைந்து, பிறகு ஆள் கிடைக்காமல் காலியாகும். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் எத்தனை பேர் என்பதை அவள் பலகையில் எழுதி வைத்துக்கொள்வாள். அதன் பிறகுதான் மடிக்கணினியைத் திறப்பாள். மூன்று வரி எழுதி விசையைத் தட்டினால் திரையில் ஒரு வளைகோடு ஏறி இறங்கும். பலகையில் இருக்கும் எண்களை அதன் மேல் புள்ளிகளாக வைப்பாள். புள்ளிகள் கோட்டை ஒட்டியே போய் உட்காரும்.

அந்த நேரத்தில் பத்துப் பேர் வாயிலிருந்தும் ஓர் "ஆ" வரும். அந்த "ஆ"வுக்காகத்தான் அவள் தன் சனிக்கிழமைகளைத் தாரை வார்த்திருந்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பன்விலைக்கு மேலே வெள்ளக்கல் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஆறாவதில் பிறந்தவள். அப்பா முருகையா தோட்டத்து ஃபெக்டரியில் வேலை பார்த்தார்; அம்மா கொழுந்தெடுத்தாள். கணக்கில் மகள் சூரப்புலி என்று பள்ளிக்கூடம் சொல்ல, அவர்களும் அதை நம்பி, கண்டிக்கு அனுப்பி உயர்தரம் படிக்க வைத்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள், பட்டம் வாங்கினாள், மேற்படிப்பு முடித்தாள், கணிதம் கற்பிக்கும் வேலையும் கிடைத்தது. பெற்றோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வத்தளையில் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள். அவள் சதீஸ்குமாரைக் கல்யாணம் செய்துகொண்டு கெலிஓயாவில் குடியேறினாள். தோட்டத்துப் பக்கம் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. போகக்கூடாது என்றெல்லாம் இல்லை. போக ஒரு காரணம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

சதீஸ்குமார் கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுப்பவன், பரிகாசத்துக்குப் பஞ்சமில்லாதவன். மடிக்கணினியும் மனைவியும் ஒன்றாக இருக்கும்போது தேநீரோடு வந்து, "உங்க மாப்பிள்ளைக்கும் ஒரு கோப்பை ஊத்தட்டா?" என்று கேட்பான்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் அவளுக்கே டெங்கு வந்தது. காய்ச்சல் ஏறி நினைவு தப்பிய நிலையில், சதீஸ்குமார் முச்சக்கர வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஏழு நாள் வார்டில் கிடந்தாள். நினைவு தெளிந்ததும் முதல் வேலையாக, தினமும் தன் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி ஒரு தாளில் கோடு வரைந்தாள். "மிஸ், இது பரீட்சை இல்ல, படுத்துத் தூங்குங்க" என்றாள் தாதி. அந்த வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேராகக் கிடந்தவர்களைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தோன்றியது: சமன்பாடுகளை எழுதிக் கட்டுரைகளில் அச்சேற்றி வைத்து என்ன பயன்? வடிகான் கிண்டுகிறவர்களுக்கு அல்லவா இது தெரிய வேண்டும்? எழுந்து நடமாடத் தொடங்கியதும் வகுப்பை ஆரம்பித்துவிட்டாள்.

வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஒரு குறை அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. திரையில் வரைகிற மலைகளையும் பள்ளங்களையும் நம்பி இதுவரை எவரும் ஒரு கிருமிநாசினிப் போத்தலைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. பாராட்டுவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள்.

போன வருடம் புரட்டாசியில் அந்தக் குறை தீர ஒரு வழி பிறந்தது. மலைப்பக்கத்துச் சுகாதாரப் பிரிவு ஒன்றின் வைத்திய அதிகாரியான டாக்டர் ஷிபானா, ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் மாடி ஏறி வந்தார். கடைசிக் கதிரையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஞானேஸ்வரி, எனக்கு ஈக்கிறது ஒரே ஒரு குழு. பன்னிரண்டு பேர், ஆறு நாள். மழைக்கு முந்தி மூணு இடம்தான் துப்பரவு செய்ய ஏலும். எந்த மூணு இடம் எண்டு நீங்க சொல்லுங்க. சரியா வந்தா இனி ஒவ்வொரு பருவமும் உங்களக் கேட்டுத்தான் குழுவ அனுப்புவேன். பிழைச்சா, பழையபடி யார் கூடுதலாச் சத்தம் போடுறாங்களோ அந்தப் பக்கம்தான் போவோம்."

ஞானேஸ்வரி உடனே சரி என்றாள். இதைக் கேட்கத்தானே மூன்று வருடமாகக் காத்திருந்தாள்?

மூன்று வருடத்து நோயாளர் விபரங்கள் வந்தன. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவள் தன் சட்டத்தை முதலிலேயே சொல்லிவிட்டாள்: பெயர் வேண்டாம், முகவரியும் வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, திகதி, ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள், வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்கள், இவை போதும். நோயாளியின் இரகசியம் நோயாளியோடு இருக்கட்டும். இந்த விஷயத்தில் அவள் மிகவும் கண்டிப்பு. "எனக்கே சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்பாள். அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து முகவரிகளை எல்லாம் வரைபட எண்களாக மாற்றி அனுப்பினார்.

மென்பொருளில் மழையைச் சேர்த்தாள், வெப்பத்தைச் சேர்த்தாள், கொசு முட்டையிலிருந்து கடிக்கும் வயதுக்கு வருகிற நாட்களைச் சேர்த்தாள். வரைபடத்தில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஆனால் பன்விலைக் கடைத்தெருவில் மட்டும், ஒன்றின் மேல் ஒன்றாக, அறுபத்தொரு புள்ளிகள்.

ஒரே இடத்தில் அறுபத்தொன்றா என்று ஒரு கணம் அவளும் யோசிக்கத்தான் செய்தாள். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிடுவார்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. பகலில் தோட்டத்து ஆட்கள் எல்லாம் கடைத்தெருவுக்குத்தான் இறங்கி வருவார்கள். ஆகவே கடைத்தெருதான் நோய் பரவும் மையம். அப்படி வைத்துக் கணக்கை ஓட்டினால் வளைகோடு பழைய எண்களோடு அட்டகாசமாகப் பொருந்தியது. அத்தனை அழகாகப் பொருந்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? வியாழக்கிழமை மாலை பட்டியலை அனுப்பினாள். முதலாவது இடம், பன்விலைக் கடைத்தெரு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அஸ்ஃபரிடமிருந்து தொலைபேசி வந்தது. அஸ்ஃபர் அவள் வகுப்பு மாணவர்; அந்தப் பகுதிக்குப் பீ.எச்.ஐ.யாக மாறி வந்து நாலு மாதம்தான். குழு திங்கட்கிழமை வரும் முன் இடத்தை ஒருமுறை பார்த்து வரச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார்.

"மிஸ், நீங்க தந்த புள்ளி சரியா ஒரு பலசரக்குக் கடைக்கு மேல விழுது. உள்ள, வெளிய, கூரை, பின்பக்கம் எல்லாம் பாத்தேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு புழு இல்ல. கடை காஞ்சி கிடக்கு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கடைக்காரர் என்ன அடிக்க வராத குறை மிஸ்."

அவளுக்கு அஸ்ஃபர் மேல்தான் கோபம் வந்தது. சரியாகத் தேடத் தெரியவில்லை என்று நினைத்தாள். "நாளைக்கு வகுப்பு அங்கதான். எல்லாரையும் கூட்டிட்டு வாறேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஒரு வேனில் பத்துப் பேரோடும் பன்விலைக்குப் போய் இறங்கினாள். அஸ்ஃபர் முன்னால் நடந்தார். கடைத்தெரு மாறியிருந்தது, பழைய தகரக் கடைகள் கொங்கிரீட்டுக்கு மாறி, பளபளவென்று புதுப் பெயர்ப் பலகைகள் வைத்திருந்தன. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கடையில் அஸ்ஃபர் நின்றார். கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெள்ளைத் தாடி வைத்த ஒருவர், வந்தவர்களின் சீருடைகளைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து ஒராள். இண்டைக்குப் பத்துப் பேரா? நேத்துலேந்து ஊரெல்லாம் இது கொசுக் கடையாம். பருப்பு வாங்க வந்த பொம்பிள கைய இழுத்துக்கிட்டு ஓடுறா. அறுபத்தொரு பேருக்கு இந்தக் கடையிலயா டெங்கு? இங்க ஈக்கிறது நானும் என்ட பூனையும்தான்!"

ஞானேஸ்வரி சமாதானம் சொல்ல முன்னால் வந்தாள். அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"நீங்க கீழ்ப் பிரிவு முருகையாட மகள்தானே? கணக்குப் படிச்ச புள்ள?"

நஸீப் நானா. சின்ன வயதிலிருந்து அவள் அண்ணன் முறை வைத்து அழைத்த கடைக்காரர்; தாடியால்தான் அடையாளம் தெரியாமல் போயிருந்தது. அவள் பார்வை தானாகவே அவருக்குப் பின்னால் போயிற்று. கடை கொங்கிரீட் ஆகியிருந்தது, தட்டுகள் கண்ணாடி ஆகியிருந்தன. சுவரில் அந்தப் பலகைப் பெட்டி மட்டும் அப்படியே தொங்கியது. ஐந்து அறைகள். ஒவ்வொன்றின் மேலும் மையினால் எழுதிய பெயர்: மேல் பிரிவு, நடுப் பிரிவு, கீழ்ப் பிரிவு, ஃபெக்டரி, புதுமலை. ஒவ்வோர் அறையிலும் கடிதங்கள்.

"உங்கட கெம்பஸ் கடிதம் இந்தப் பெட்டியிலதானே வந்திச்சி" என்றார் நஸீப் நானா. "நான் கடையப் பூட்டிப் போட்டு, மோட்டார் சைக்கிள்ல கொண்டு வந்து உங்க வாப்பாட கையில தந்தேன். மறந்தா போச்சி?"

மறக்கவில்லை. ஆனால் மறந்ததைவிட மோசமான ஒன்றைச் செய்திருந்தாள்.

லயத்து வீடுகளுக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தோட்டத்து விலாசம் போட்டால் கடிதம் கந்தோர் என்கிற தோட்டத்து அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து எப்போது வரும், வருமா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் வெள்ளக்கல் தோட்டத்துச் சனம் விபரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே விலாசத்தைத்தான் எழுதி வருகிறது: இலக்கம் 42, பிரதான வீதி. பள்ளிக்கூடத்தில் சேர, அடையாள அட்டை எடுக்க, வெளிநாடு போக, ஆஸ்பத்திரியில் அனுமதித் துண்டு எழுத, எல்லாவற்றுக்கும் நஸீப் நானாவின் கடைதான். நோயாளிகள் அறுபத்தொரு பேரும் அந்தக் கடைக்குள் குடியிருந்தது அப்படித்தான். உலகத்தில் வேறு எந்தக் கணித ஆசிரியை இந்தப் பிழையை விட்டிருந்தாலும் மன்னிக்கலாம். இவள் தன் பதினெட்டு வயது வரைக்கும் இதே விலாசத்தைக் கைநோக எழுதியவள். முகவரி கண்ணில் பட்டிருந்தால் ஒரு விநாடியில் பிடித்திருப்பாள். முகவரியே வேண்டாம், எண்களை மட்டும் தாருங்கள் என்று கறாராகக் கேட்டு வாங்கியவளும் அவள்தானே!

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. விஜேரத்ன மாத்தயா மெதுவாக, "மிஸ், மொடல் பிழையா?" என்று கேட்டார்.

"கணக்குச் சரி. நான் ஆளுங்கள குடிவச்ச இடம்தான் பிழை" என்றாள். பிறகு பத்துப் பேரையும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னாள். கடைத்தெருவை மையமாக வைத்துத் தான் கட்டிய அழகான விளக்கத்தையும் சொன்னாள். "கோடு நல்லாப் பொருந்துதுன்னா உடனே சந்தோசப்படாதீங்க. பொய்க்கும் பொருந்தும்" என்றாள். அவள் நடத்திய பாடங்களில் மிகச் சிறந்தது அதுதான் என்று அஸ்ஃபர் இன்றைக்கும் சொல்கிறார்.

பாடம் சரி. டாக்டர் ஷிபானாவுக்கு யார் சொல்வது? கடைக்கு வெளியே வந்து, பஸ் நிற்கும் இடத்தில் எண்களை அழுத்தினாள். பேசாமல் இருந்தால் குழு திங்கட்கிழமை வந்து காய்ந்த கடைத்தெருவுக்குப் புகையடித்துவிட்டுப் போகும், ஒருவருக்கும் தெரியவராது. சொன்னால், மூன்று வருடமாகக் காத்திருந்த ஒரே சந்தர்ப்பம் முதல் எட்டிலேயே கவிழ்ந்துவிடும். இரண்டும் அவளுக்குத் தெரிந்தே இருந்தன. இருந்தும் சொன்னாள்.

"திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்குக் குழு லொறியில ஏறும்" என்றார் டாக்டர். "அதுக்கு முந்தித் திருத்தித் தர ஏலுமா?"

"முடியும் டொக்டர்."

"அப்ப ஏன் அழுற மாதிரி பேசுறீங்க? திருத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே நஸீப் நானாவின் கடையில் கணித வகுப்பு கூடியது. இலங்கையிலேயே மிளகாய் மூட்டைக்கும் மாசிக் கருவாட்டுக்கும் நடுவில் தொற்றுநோய் மாதிரி ஓடியது அதுவே முதல் தடவையாக இருக்கும். ஒரு சிக்கல் இருந்தது. அறுபத்தொரு பேரும் எந்த லயத்தவர் என்று நானாவுக்குத்தான் தெரியும். ஆனால் நோயாளிகளின் பெயரை நானாவிடம் சொல்ல ஞானேஸ்வரி விடமாட்டாள். வழி சொன்னவர் நானாவேதான்.

"நீங்க எனக்கு ஒண்டும் செல்ல வாணாம். இந்தாங்க கடிதக் கொப்பி. என்ட விலாசம் போடுற ஆக்கள் எல்லாம் இதுல ஈக்கி. பேரு, பிரிவு, லயம். நீங்களே பாத்துக்கோங்க."

முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள். லயம் மாறியவர்கள், கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் கட்டிப் போனவர்கள் எல்லாம் அந்தக் கொப்பியில் ஒழுங்காக இருந்தார்கள். அஸ்ஃபர் ஒரு மூலையில் உட்கார்ந்து, அலுவலகக் கோப்பையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை வாய்க்குள் விழுங்கிக்கொண்டு, லயத்தை மட்டும் வெளியே சொன்னார். "கீழ்ப் பிரிவு, அஞ்சாம் லயம்... மறுபடி அஞ்சாம் லயம்... ஆறாம் லயம்... புதுமலை, ரெண்டு..." ஞானேஸ்வரி ஒவ்வொரு புள்ளியாகக் கடையிலிருந்து எடுத்து மலைக்கு மேல் வைத்தாள். நானா எல்லோருக்கும் பால் விடாத பிளேன்டியும் விசுக்கோத்தும் கொடுத்தார். முந்தாநாள் அஸ்ஃபரை அடிக்க வராத குறையாக நின்ற மனிதர்தான்.

"அறுவது பொருந்திச்சி மிஸ்" என்றார் அஸ்ஃபர் கடைசியில். "ஒண்டு மட்டும் மிச்சம். பொம்பிள, முப்பத்தி மூணு வயசு. கொப்பியில பேர் ஈக்கி. ஆனா இப்ப தோட்டத்தில இல்ல." சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சரி, அதத் தள்ளி வைங்க" என்றாள் ஞானேஸ்வரி. அவளுக்கு அவசரம்.

மென்பொருளை ஓட்டினாள். இந்த முறை கோடு அவ்வளவு அழகாகப் பொருந்தவில்லை. அங்கங்கே விலகித்தான் போயிற்று. ஆனால் ஆபத்தைக் காட்டும் சிவப்பு நிறம் போய் விழுந்த இடம் தெளிவாக இருந்தது. கீழ்ப் பிரிவு. ஐந்தாம் லயமும் ஆறாம் லயமும்.

அஸ்ஃபர் தலையைச் சொறிந்தார். "நான் வந்த நாலு மாசத்தில கீழ்ப் பிரிவுக்கு ரெண்டு தரம் போய்ப் பாத்தேன் மிஸ். பீப்பா எல்லாம் மூடித்தான் ஈக்கி. வாசல் துப்பரவு. புழு ஒண்டும் இல்ல."

ஆறாம் லயத்தில் பிறந்த பிள்ளை ஞானேஸ்வரிக்குள் மெல்ல எழும்பி உட்கார்ந்தது.

"மேல பாத்தீங்களா?"

"மேல?"

"கூரைக்கு மேல. தகரம் காத்துக்குப் பறக்காம இருக்க டயர் தூக்கிப் போட்டிருப்பாங்க."

பின்னேரம் எல்லோரும் மலை ஏறினார்கள். லயத்து முற்றத்தில் ஏணி வைத்து முதலில் ஏறியவர் அஸ்ஃபர். ஒரு டயருக்குள் கண்ணாடிப் போத்தலை அமுக்கி, நிரப்பி, கீழே நீட்டினார். போத்தலுக்குள் கொசுப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. விஜேரத்ன மாத்தயா, ஏணி தாங்குமா என்று யாரும் கேட்கத் துணிவதற்கு முன்பே, தானும் ஏறிப் பார்த்தார். இரண்டு லயத்துக் கூரையிலும் சேர்த்து நூற்று நாற்பது டயர்கள். வெயில் காலத்திலும் மலைப் பனியும் தூறலும் அவற்றில் தண்ணீர் வற்றவிடவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு லொறி கடைத்தெருவில் நிற்காமல் மேலே போயிற்று. டயரை எடுக்க விடமாட்டோம் என்று லயத்தில் ஒரே சத்தம். "நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்க, காத்து வந்தா தகரத்த யாரு புடிக்கிறது? நீங்களா வந்து மேல உக்காருவீங்க?" என்று கேட்ட பெண்ணுக்கு, பக்கத்து லயத்துப் பிள்ளையாக வளர்ந்த ஞானேஸ்வரிதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"டயர் அங்கயேதான் இருக்கும் அக்கா. தண்ணி நிக்காம நாலு ஓட்டை போடுவாங்க. உங்க கண்ணு முன்னாலயே போடுவாங்க. பாருங்க."

"நீ ஃபெக்டரி முருகையா மகதானே? அப்பிடின்னா சரி" என்றாள் அந்தப் பெண். பட்டமும் மென்பொருளும் செய்யாத வேலையை அப்பாவின் பெயர் செய்தது. இரண்டாம் நாள் கடைசி டயருக்கும் ஓட்டை விழுந்தது; மீதி நாட்களில் குழு மற்ற இரண்டு இடங்களுக்கும் போயிற்று.

ஐப்பசி மழை வந்தது, கார்த்திகை மழையும் வந்தது. அவள் வாரம் ஒருமுறை பயத்தோடு புதிய எண்களை வாங்கினாள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் கீழ்ப் பிரிவில் ஏறக்குறைய இருபத்திரண்டு பேருக்கு வந்திருக்கும் என்று கணக்குச் சொன்னது. தை மாதம் முடியும் வரை வந்தது நாலு பேருக்கு. நாலு பேரும் சுகமாகி வீடு போனார்கள். இதைச் சொல்ல டாக்டர் ஷிபானா தொலைபேசி எடுத்தபோது ஞானேஸ்வரி உடனே வகுப்பு ஆசிரியை ஆகிவிட்டாள்: ஒரு பருவத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது, இந்த வருடம் மழையும் கொஞ்சம் குறைவு, டயர்தான் காரணம் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது.

"நான் சத்தியம் கேக்கல்லியே" என்றார் டாக்டர். "வைகாசி மழைக்கு எந்த மூணு இடம் எண்டு மட்டும் சொல்லுங்க. இனி ஆஸ்பத்திரித் துண்டில எந்த லயம், லயத்தில எத்தனையாவது காம்பரா வீடு எண்டும் எழுதச் சொல்லி ஈக்கி."

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சதீஸ்குமாரைக் கட்டிக்கொண்டாள். அவன் கையில் தேங்காய் துருவி. "என்ன, மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வா?" என்றான்.

மாசியில் அடுத்த குழு மாணவர்கள் வரவிருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட, தன் பழைய பிழையான வரைபடத்தை எடுத்து வைத்தாள். அறுபது புள்ளிகளுக்கும் வீடு கிடைத்துவிட்டது. கடைக்கு மேல் ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக நின்றது. பாடத்தில் ஒரு குறை இருக்கக்கூடாது என்று அஸ்ஃபருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அந்தக் கடைசி ஆள் யாரு அஸ்ஃபர்? இப்ப எங்க இருக்காங்க?"

"மிஸ், பேர் செல்லக்கூடாது எண்டு நீங்கதானே சட்டம் போட்டீங்க?" அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "எனக்கே சொன்னாலும் கேக்க மாட்டேன் எண்டீங்க. நான் செல்ல மாட்டேன். நீங்களே அந்த வரியப் பாருங்க."

பார்த்தாள். பெண். முப்பத்து மூன்று வயது. மூன்று வருடத்துக்கு முந்திய ஐப்பசி. ஆஸ்பத்திரியில் ஏழு நாள். இந்த வரியை அவள் முன்பு ஐம்பது தடவையாவது கடந்து போயிருப்பாள்.

"என்னங்க!" என்று கத்தினாள். சதீஸ்குமார் பதறிக்கொண்டு வந்தான். "அன்னைக்கு என்னைய ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப விலாசம் என்னன்னு சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? இருந்த பதட்டத்தில உங்க அடையாள அட்டைய எடுத்து நீட்டினேன். அதப் பாத்துத்தான் எழுதினாங்க."

கைப்பையைக் கவிழ்த்து அடையாள அட்டையை எடுத்தாள். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தில் எடுத்த அட்டை. கெலிஓயாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் மாற்றச் சோம்பல்பட்டு விட்டிருந்தாள். இரட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை முறைத்துப் பார்க்கும் படம். பின்புறம் மங்கிய எழுத்தில், இலக்கம் 42, பிரதான வீதி, பன்விலை.

சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, அது எந்தக் கண்ணீர் என்று அவளுக்கே தெரியாதபடி சிரித்தாள். சதீஸ்குமார் ஒன்றும் விளங்காமல் அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

மாசி மாதம் முதல் சனிக்கிழமை, மண்டபத்து மாடியில் புதிய பத்துப் பேர். அன்றைக்கு மட்டும் அவள் வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். கதிரைக்கு முன்பே மடிக்கணினியைத் திறந்து, பழைய வரைபடத்தைச் சுவரில் காட்டினாள். கடைத்தெரு மேல் அறுபத்தொரு புள்ளிகளின் குவியல். ஒரு விசையைத் தட்டினாள். அறுபது புள்ளிகள் மலைக்கு ஏறிப் போய் லயங்களில் உட்கார்ந்தன. ஒன்று மட்டும் நின்றது.

"இந்த ஆளு உண்மையில எங்க இருந்திருப்பாங்கன்னு கண்டுபுடிக்க எனக்கு மூணு வருசம் ஆச்சு" என்றாள். "யாருன்னு தெரியுமா?"

அவள் இன்னொரு விசையைத் தட்டினாள். புள்ளி மலையை விட்டு இறங்கி, கண்டி நகரைத் தாண்டி, கெலிஓயாவில் போய் நின்றது.

"நான்தான்" என்றாள். "சரி, எல்லாரும் எழும்பிக் கதிரையைத் தூக்குங்க."